மதிய வெயிலும் மதிய மின்னோட்டமும்: ஏடிசி இரைச்சலைப் பிரித்துப் பார்ப்பது

கிருஷ்ணாபுரம்னு சொன்னா நெல்லைக்காரங்களுக்கு வெங்கடாசலபதி கோயில் சிற்பங்கள்தான் ஞாபகம் வரும். அதே ஊரில்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் பக்கமாகப் போவதுதான் அதற்குக் காரணம். பகல் நேரத்தில், தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அந்தக் கோட்டை ஒட்டிய குறுகலான பட்டையில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஓடும். எலக்ட்ரோஜெட் என்பார்கள். இங்கே கிடைமட்ட காந்தப்புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. எலக்ட்ரோஜெட் அதைக் காலையிலிருந்து மெல்ல உயர்த்தி, உச்சிக்கு முன்பின்னாகச் சில பத்து நானோடெஸ்லா, சில நாட்களில் நூறு வரைக்கும் கூட்டிவிட்டு, சாயங்காலம் இறக்கிவிடும்.

நாற்பதாயிரத்தில் ஐம்பதைப் பிடிக்கணும். ஃபிளக்ஸ்கேட் சென்சார் ஒன்று 1,00,000 நானோடெஸ்லாவுக்கு 10 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் மைனஸ் 10 வோல்ட்டை 16 பிட் ஏடிசியில் அளந்தால் ஒரு படி 0.3 மில்லிவோல்ட், அதாவது 3 நானோடெஸ்லா. 24 பிட் போட்டால் தாளில் படி மிகச் சிறியதாகிவிடும். ஆனா கடைசிப் பல பிட்டுகள் வெறும் ஆட்டம்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. இன்புட்டை ஷார்ட் செய்து பார்த்தால் அதன் அளவு தெரிந்துவிடும். நூறு சாம்பிளைச் சராசரி எடுத்தால் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தொல்லை கொடுப்பது சராசரிக்கு அடங்காத இரண்டு பேர்.

முதல் ஆள் கரண்ட் கம்பி. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றாலும் கொஞ்சம் அங்கே இங்கே அலையும். இந்த நிமிஷம் 50.02 என்று வையுங்கள். நீங்க நொடிக்கு ஒரு சாம்பிள் எடுக்கிறீங்க. ஒவ்வொரு நொடியிலும் 50 முழுச் சுற்று முடிந்து 0.02 சுற்று மிச்சம் நிற்கும். ஆக 50 நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் அழகான அலை ஒன்று பதிவில் தெரியும். பூமியின் காந்தப்புலத்தில் நிஜமாகவே இதே கால அளவில் துடிப்புகள் உண்டு. அதனால்தான் இது ஆபத்து. இரண்டையும் பிரிக்க எளிய வழி: சாம்பிள் இடைவெளியை 1 நொடியிலிருந்து 0.99 நொடியாக மாற்றுங்கள். நிஜத் துடிப்பு 50 நொடியிலேயே நிற்கும்; கம்பி தந்த போலி அலை சுமார் 2 நொடி அலையாக ஓடிப்போய்விடும். போலி என்று தெரிந்தபின் மென்பொருளில் வடிகட்டிப் பிரயோஜனமில்லை, அது ஏற்கெனவே நிஜத்தோடு கலந்தாச்சு. ஏடிசிக்கு முன்னாடியே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைக்கணும். 10 கிலோ ஓமும் 10 மைக்ரோ ஃபாரடும் போட்டால் 50 ஹெர்ட்ஸ் முப்பதில் ஒரு பங்காகிவிடும். ஏடிசி ஒவ்வொரு அளவையும் 20 மில்லிசெகண்டின் மடங்கு நேரத்துக்குச் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது.

(மின்சார இரைச்சலுக்குப் பயந்து ஓடுவது இந்தத் துறையில் புதிசு இல்லை. பம்பாயில் டிராம் மின்சாரத்துக்கு மாறப்போகிறது என்றதும் கொலாபா காந்தப் பதிவகத்தின் வேலையை 1904-இல் அலிபாகில் தொடங்கிவிட்டார்கள்.)

இரண்டாவது ஆள்தான் பொல்லாதவன்: வெயில். ஏடிசி எதை அளந்தாலும் தன் ரெஃபரன்ஸ் வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும். சாதாரண ரெஃபரன்ஸ் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு நகரலாம். பெட்டி 10 டிகிரி சூடானால் 500 பங்கு. நாற்பதாயிரத்தில் அது 20 நானோடெஸ்லா! காலையில் ஏறி, மதியம் உச்சம் தொட்டு, சாயங்காலம் இறங்கும். எலக்ட்ரோஜெட் எப்படியோ அப்படியே. திருநெல்வேலிப் பதிவிலிருந்து அலிபாக் பதிவைக் கழித்து எலக்ட்ரோஜெட்டைத் தனியே எடுப்பது வழக்கம். அலிபாக் அந்தப் பட்டைக்கு வெளியே இருப்பதால் காந்தப் புயல் போன்ற பொதுவான மாற்றங்கள் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனா உங்க பெட்டியின் சூடு அலிபாகில் கிடையாது. கழித்த பிறகும் அது மிச்சம் நிற்கும், எலக்ட்ரோஜெட் வேஷத்தில்.

இன்புட்டை ஷார்ட் செய்யும் சோதனை இங்கே ஏமாற்றும். பூஜ்யத்தை எந்த ரெஃபரன்ஸால் அளந்தாலும் பூஜ்யம்தானே. சென்சாரை மாட்டியபடியே சோதிக்கணும், அதுவும் எலக்ட்ரோஜெட் இல்லாத ராத்திரியில். அமைதியான இரவாகப் பார்த்து, பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி ஏடிசி பெட்டியை ஒட்டி வையுங்கள். சென்சார் தூரத்தில் இருக்கட்டும். பல்பு வேண்டாம், அதன் கரண்டே காந்தப்புலம் உண்டாக்கும். பெட்டி சூடேற ஏற எண்ணும் நகர்ந்தால், ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, அது வானத்தில் நடப்பது இல்லை.

நல்ல ரெஃபரன்ஸ் வாங்குவது ஒரு தீர்வு. அதைவிடப் பெரிய லாபம், நாற்பதாயிரத்தை முன்கூட்டியே ஒரு நிலையான எதிர்க் கரண்டால் ரத்து செய்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஏடிசிக்குக் கொடுப்பது. மிச்சம் 100 என்றால் அதே 500 பங்குப் பிழை 0.05 நானோடெஸ்லாதான். ஆனா அந்த எதிர்க் கரண்ட் வெயிலில் நகரக்கூடாது. நகர்ந்தால் பழைய கதைதான். அதனால் கரண்ட் தரும் போர்டையும் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு வெப்பமானியும் போட்டு, அதன் அளவையும் காந்த எண்ணோடு சேர்த்து நொடிக்கு நொடி பதியுங்கள். வெந்நீர் பாட்டிலை வைத்துப் பார்க்கும்போது அந்த போர்டுக்கும் தனியாக ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்.