எதைக் கட்டுப்படுத்துவது?

மாணவர்களே, ஊசல் ஆராய்வு நினைவிருக்கிறதா? நூலின் நீளம் தற்சார்பு மாறி. பத்து முறை ஆட எடுக்கும் நேரம் சார்பு மாறி. குண்டின் எடை கட்டுப்படுத்தப்பட்ட மாறி. இடைநிலைப்பள்ளியில் ‘பெம்போலே உபா டிமாலார்கான்’ என்று எழுதுகிறீர்களே, அதுதான். ஒரே குண்டைக் கடைசிவரை வைத்திருந்தால் வேலை முடிந்தது. மனித மூளையை ஆராயும்போது அவ்வளவு சுலபமில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் நமக்கு, நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 2009-இல் ‘கஸ்டோ’ என்ற நீண்டகால ஆய்வு தொடங்கியது. சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் கர்ப்பிணிகளாக இருந்தபோதே அதில் சேர்ந்தார்கள். அதிலிருந்து 2013-இல் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக, பிறந்து 6 முதல் 14 நாள் ஆன 157 குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை. கர்ப்ப காலத்தில் தாய்க்கு மனச்சோர்வு அதிகமாக இருந்திருந்தால், உணர்ச்சிகளோடு தொடர்புடைய ‘அமிக்டலா’ என்ற பகுதி குழந்தையிடம் வேறுபடுமா என்பதே கேள்வி.

ஊசல் நூலைப்போலத் தாயின் மனச்சோர்வை நாம் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியாது. பார்க்கவும் கூடாது. இருப்பதை அளந்துவிட்டு, மற்ற வேறுபாடுகளைக் கணக்கின் வழியே சமன் செய்ய வேண்டும்.

முதலில் குழந்தையின் வயது. பிறந்த புதிதில் மூளையின் கன அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வளர்கிறது. ஆறாம் நாள் குழந்தையையும் பதினான்காம் நாள் குழந்தையையும் அப்படியே ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். அதனால் கருவுற்றதிலிருந்து கணக்கிட்ட வயதைச் சமன் செய்தார்கள்.

அடுத்து குடும்ப வருமானம். பணக்கஷ்டம் தாயின் மனத்தை வாட்டும். அவர் சாப்பாட்டையும் குறைத்து, குழந்தையின் வளர்ச்சியையும் தொடலாம். இப்படி இரண்டுக்கும் முன்னால் நிற்கும் காரணத்தைச் சமன் செய்யாமல் விட்டால், வறுமை செய்ததற்குத் தாயின் மனத்தைக் குற்றம் சொல்லிவிடுவோம். தாயின் வயதும் சிகரெட் புகையும் இதே காரணத்துக்காகப் பட்டியலில் ஏறின.

“அப்படியானால் அளந்த எல்லாவற்றையும் கட்டுப்படுத்திவிடலாமே, டீச்சர்?” என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பெரியவர்களும் சறுக்கும் இடம் இது. இரவில் கைப்பேசி பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கெட்டு, அதனால் மதிப்பெண் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவு தூங்கியவர்களை மட்டும் ஒப்பிட்டால் கைப்பேசி அப்பாவியாகிவிடும்! தூக்கம்தானே கைப்பேசி மதிப்பெண்ணைத் தொடும் பாதை? பாதையை அடைத்துவிட்டு யாரும் வரவில்லை என்கிறோம்.

சிங்கப்பூர் ஆய்வில் அப்படிச் சந்தேகப்பட வேண்டிய மாறி, பிறப்பு எடை. தாயின் மனச்சோர்வால் குழந்தையின் எடை குறைந்து, அதன் வழியே மூளையும் மாறியிருந்தால், எடையைச் சமன் செய்வது விளைவில் ஒரு பகுதியை அழித்துவிடும். ஆய்வாளர்கள் எடையையும் சமன் செய்தார்கள். அதன் பிறகும் வலப்பக்க அமிக்டலாவின் நுண்ணமைப்பில் வேறுபாடு தெரிந்தது, பருமனில் தெரியவில்லை. ஆகவே பிறப்பு எடை ஒன்றை மட்டும் வைத்து அந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. எடையின் வழியே எவ்வளவு வந்தது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவான மரபணுக்களோ அந்தப் பட்டியலிலேயே இல்லை.