கேமரா பெல்லைப் பழைய வயரில் மாட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

தீபாவளிக்கு முந்திய வாரம். தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீட்டில் தனியாக இருக்கும் எங்கள் அம்மாவுக்கு, சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி ஒரு கேமரா பெல் வாங்கி வந்தான். கேட்டில் யார் வந்து நின்றாலும் கைப்பேசியில் முகம் தெரியும். கதவைத் திறக்காமலே "யாருங்க?" என்று கேட்கலாம். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இது பெரிய துணை.

பெல் பேட்டரியில் ஓடுவது. ஆனால், பழைய பெல்லின் இரண்டு வயரையும் பின்னால் உள்ள இரண்டு ஸ்குருவில் மாட்டினால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் படம் போட்டிருந்தது. தம்பி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டான். சுவிட்சைக் கழற்றி வயரைத் தொடப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் வயர்மேன். "தம்பி, கைய எடு! அது இருநூத்து நாப்பது!" என்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

தம்பி செய்தது முட்டாள்தனம் அல்ல. தாளில் இருந்ததைத்தான் செய்தான். தாள் நம் வீட்டுக்காக எழுதப்பட்டதல்ல, அதுதான் சிக்கல்.

அந்தத் தாளில் இல்லாதது என்ன?

இந்த வகைப் பெல்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே அழைப்பு மணிக்கென்று தனியாக ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது வீட்டு மின்சாரத்தை 16 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்த பிறகே வாசல் சுவிட்சுக்கு அனுப்பும். அந்த வயரைத் தொட்டாலும் பெரிய ஆபத்து இல்லை.

நம் நாட்டுத் தெரஸ் வீடுகளில் பெரும்பாலும் கதை வேறு. 'டிங் டோங்' பெல் நேராக வீட்டு மின்சாரத்திலேயே ஓடுகிறது. மலேசியாவில் அதிகாரப்பூர்வ அளவு 2008 முதல் 230 வோல்ட். நாம் பழக்கத்தில் 240 என்கிறோம். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகும் அதே மின்சாரம்தான் கேட் தூணில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சுக்குள்ளும் வந்து நிற்கிறது.

பேட்டரி கேமரா பெல்களில் பல 8 முதல் 24 வோல்ட் ஏ.சி. வரை மட்டுமே தாங்கும். சில மாடல்கள் 16 முதல் 24 வரை கேட்கும். அதில் 240 வோல்ட்டைக் கொடுத்தால் பெல் கருகிப் போகும். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. மழையில் நனைந்த தூணில் கை வைப்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், வீட்டுக்குள் சுவரில் இருக்கும் மணிப் பெட்டியைப் பாருங்கள். அதன் மூடியிலோ பக்கவாட்டிலோ 220, 230, 240 என்று எழுதியிருந்தால், கேட்டுக்குப் போவது முழு மின்சாரம். 8, 12, 16, 24 என்று இருந்தால் குறைந்த மின்னழுத்தம்.

அடுத்து, மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியைப் பாருங்கள். பிரேக்கர்களின் வரிசையில் 'பெல் டிரான்ஸ்ஃபார்மர்' என்று தனியாக ஒன்று இருந்தால் நல்ல செய்தி. பழைய வீடுகளில் அது இருப்பது அபூர்வம்.

டெஸ்ட் பேனாவை மட்டும் நம்பாதீர்கள். அது எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. மீட்டர் வைத்து அளந்து பார்ப்பதே சரியான வழி. அதை வயர்மேன் செய்யட்டும்.

எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை என்றால், 240 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வயரைப் பயன்படுத்தவே முடியாதா?

முடியும். அந்த அண்ணன் அம்மா வீட்டில் செய்ததும் அதுதான். தூணுக்கும் வீட்டுக்கும் இடையே குழாய்க்குள் ஓடும் இரண்டு வயரும் நல்ல நிலையில் இருந்தால், சுவரை உடைக்கத் தேவையில்லை. அதில் ஓடும் மின்சாரத்தை மாற்றினால் போதும்.

பழைய டிங் டோங் பெட்டியைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள்ளேயே, மழை படாத இடத்தில் ஒரு பெல் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்த வேண்டும். வீட்டு மின்சாரம் அதற்குள் போகும். குறைந்த மின்னழுத்தம் வெளியே வரும். கேட்டுக்குப் போகும் இரண்டு வயரையும் வீட்டு மின்சாரத்திலிருந்து முழுவதுமாகப் பிரித்து, டிரான்ஸ்ஃபார்மரின் வெளிவரும் பக்கத்தில் மட்டும் இணைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கேட் சுவிட்சில் இருக்கும் இரண்டு வயரில் ஒன்று 'லைவ்'. மற்றொன்று 'நியூட்ரல்' அல்ல. லைவ் சுவிட்ச் வழியாக மணிக்குத் திரும்பிப் போகும் வயர் அது. ஆகவே, தூணிலேயே டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மாட்டிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. லைவ் எங்கிருந்து பிரிகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே துண்டிக்க வேண்டும். சில வீடுகளில் அந்த இணைப்பு மணிப் பெட்டிக்குள் இருக்கும். சில வீடுகளில் கூரைக்கு மேல் இருக்கும்.

தூணில் விளக்கோ, ஆட்டோ கேட் மோட்டாரோ இருந்தால் அதையும் வயர்மேனிடம் சொல்லுங்கள். ஒரே குழாய்க்குள் 240 வோல்ட் வயரும் பெல் வயரும் சேர்ந்து ஓடினால், இரண்டும் எங்கும் கலக்காதபடி அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது

பெல்லின் கையேட்டில் மூன்று விவரங்களைப் பாருங்கள். எத்தனை வோல்ட், ஏ.சி.யா டி.சி.யா, எத்தனை வோல்ட் ஆம்பியர். மின்சாமான் கடையில் கிடைக்கும் 8 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சாதாரண மணிக்குப் போதும். 16 வோல்ட் கேட்கும் கேமரா பெல்லுக்குப் போதாது. சிசிடிவி கேமராவுக்குப் பயன்படும் 12 வோல்ட் அடாப்டர் டி.சி. கொடுப்பது. ஏ.சி. மட்டுமே ஏற்கும் பெல்லுக்கு அது பொருந்தாது.

இன்னொன்று. வீட்டுக்குள் மணிப் பெட்டி இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரை நேராக இணைக்கும்போது, இடையில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும் என்று சில மாடல்களின் கையேடு சொல்லும். அப்படிச் சொல்லியிருந்தால் தவிர்க்காதீர்கள். அது இல்லாமல் மாட்டினால் பெல் கெட்டுப்போகலாம்.

மாட்டும்போது

பேட்டரியை முதலில் முழுவதும் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே தூணில் கை வைக்க வேண்டும். குறைந்த மின்னழுத்த ஏ.சி. என்பதால் எந்த வயர் எந்த ஸ்குருவுக்கு என்ற கவலை பொதுவாக இல்லை. ஆனால் இரண்டு வயரின் செம்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மழைநீர் புகாமல் மேற்புறமும் பக்கங்களும் சிலிக்கான் பூசலாம். கீழ்ப்புறத்தை விட்டுவிடுங்கள், உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டும். மதிய வெயில் நேராக அடிக்கும் பக்கத்தைத் தவிர்த்தால் பேட்டரி அதிக நாள் உழைக்கும்.

எதிர்பார்ப்பையும் சரி செய்துகொள்வோம்

வயர் மாட்டிவிட்டால் பெல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல பேட்டரி மாடல்களில் அப்படி இல்லை. பெல்லை ஓட்டுவது பேட்டரிதான். வயர் வழியாக வரும் மின்சாரம் சொட்டுச் சொட்டாக அதை நிரப்பிக்கொண்டிருக்கும். வாசலில் நாள் முழுவதும் வண்டி ஓடும் தெரு என்றால், கேமரா அடிக்கடி விழித்துப் படம் எடுக்கும். அப்போது நிரம்புவதைவிடக் குறைவது வேகமாக இருக்கும். செயலியில் அசைவைக் கண்டுகொள்ளும் தூரத்தைக் கேட் வரை மட்டும் சுருக்கி வைத்தால் இது பெருமளவு தீரும்.

கேட் வரை வைஃபை எட்டுகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கைப்பேசியைத் தூணருகே பிடித்து ஒரு காணொளி அழைப்பு செய்து பார்த்தால் தெரிந்துவிடும். அது எட்டாவிட்டால் எந்த வயர் மாட்டியும் பயனில்லை.

யார் செய்ய வேண்டும்?

1990 ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டமும் 1994 ஆம் ஆண்டு விதிமுறைகளும் வீட்டு வயரிங் வேலையைத் தகுதி பெற்றவரே செய்ய வேண்டும் என்கின்றன. சுருஹான்ஜாயா தெனாகா சான்றிதழ் வைத்திருக்கும் பெண்டாவாய் யார் என்று கேட்டு அழையுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு வரும் வேலையை நீங்களே செய்யலாம். அதற்கு முன் இருப்பது அவருடைய வேலை.

செலவுக்குத் தயங்கினால், வயரே வேண்டாம். சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை பேட்டரியைக் கழற்றி, கைப்பேசியைப் போல் சார்ஜ் செய்யுங்கள். பெல் அதே வேலையைத்தான் செய்யும். பழைய சுவிட்சைத் தொடாமல் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது அம்மா வீட்டில் பெல் அடித்தால் தம்பியின் கைப்பேசியும் சிங்கப்பூரில் ஒலிக்கிறது. அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "கேட்டுல நின்னு கூப்பிட்டா வரமாட்டேனா?" என்றார். போன வாரம், கேஸ் சிலிண்டரைச் சோதிக்க வந்ததாகச் சொன்ன முன்பின் தெரியாத ஆளிடம் தம்பியே அங்கிருந்து பேசினான். வந்தவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். அதன் பிறகு பேட்டரி எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று அம்மாவே கேட்கிறார்.