காதுச் சீழ் மூளைக்குப் போகுமா?
காட்டிக் கொடுக்கிறது சி.டி. ஸ்கேன்

"காதில் சீழ்தானே வடிகிறது! தானாக நின்றுவிடும்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது ஆபத்து. காதுச் சீழ் உயிருக்கே உலை வைத்துவிடும்.

டாக்டர் மகன்

ஆஸ்கார் ஒயில்டு, உலகப் புகழ் பெற்ற நாடக ஆசிரியர். அவருடைய தந்தை சர் வில்லியம் ஒயில்டு, அயர்லாந்தில் பெயர் பெற்ற காது டாக்டர். "சீழ் வடியும் காதை அலட்சியம் செய்யக்கூடாது" என்ற கருத்தை 1853-ம் ஆண்டிலேயே அவர் எழுதினார்.

அவருடைய மகனையே காது நோய் பிடித்தது! 1900-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பாரீஸ் நகரில் ஓட்டல் அறையிலேயே ஆஸ்காருக்குக் காதில் ஆபரேஷன் நடந்தது. நவம்பர் 30-ந் தேதி அவர் இறந்தார். வயது 46. காது நோய் மூளை உறைக்குப் பரவியதே காரணம் என்று டாக்டர்கள் பலர் கருதுகிறார்கள்.

மெல்லிய கூரை

காதில் இருந்து மூளைக்கு நோய் எப்படிப் போகும்?

நடுக்காதின் கூரை மெல்லிய எலும்பு. அதற்கு மேலேதான் மூளை இருக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பும் நடுக்காதை ஒட்டியே செல்கிறது.

நாள்பட்ட காது நோயில், சிலருக்கு நடுக்காதுக்குள் தோல் வளரும். கரையான் மரத்தை அரிப்பதுபோல அது எலும்பை அரிக்கும். கூரையில் ஓட்டை விழுந்தால், நோய் மூளைக்குப் பரவும்.

கத்தி இல்லாமல்...

1900-ல் எக்ஸ்ரே வந்து 5 ஆண்டுகளே ஆகியிருந்தன. எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். காதின் உட்புறம் தெளிவாகத் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்த்தது சி.டி. ஸ்கேன். இங்கிலாந்து என்ஜினீயர் ஹவுன்ஸ்பீல்டு இதைக் கண்டுபிடித்தார். 1971-ம் ஆண்டு லண்டனில் முதல் நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கினால் உள்ளே இருக்கும் விதை தெரிகிறது அல்லவா? அதுபோல, கத்தி இல்லாமலே காது எலும்பை வில்லை வில்லையாக இது காட்டுகிறது. ஒரு வில்லையின் கனம் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவு!

எலும்பு எங்கே அரித்திருக்கிறது, நரம்பின் பாதை எது என்பதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டருக்குத் தெரிந்துவிடும். ஊசி மூலம் மருந்து செலுத்திப் படம் எடுத்தால், மூளையில் சீழ்க்கட்டி இருந்தாலும் தெரியும்.

கவனம் தேவை

சீழ் வடிகிற எல்லோருக்கும் ஸ்கேன் தேவை இல்லை. அதை டாக்டரே முடிவு செய்வார்.

ஆனால் சீழுடன் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்றல் வந்தாலும், வாய் ஒரு பக்கம் கோணினாலும், காதுக்குப் பின்னால் வீங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள்!