கரையோரக் கணக்கு – 9: காலியில் கவிழ்ந்து கிடந்த கல்

காலிக் கோட்டை கைமாறிய கதை போன வாரத்தோடு முடிந்தது. 1640-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர், 1796-இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் டச்சுக்காரரின் சாக்கடை என்று சொல்லியிருந்தேன். சாக்கடையில்தான் தொடங்குகிறேன், ஆனால் இது வேறு சாக்கடை.

1911-இல் காலி நகரத்தில், கிரிப்ஸ் சாலைத் திருப்பத்தில், மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு பலகைக்கல் பொறியாளர் ஒருவர் கண்ணில் பட்டது. புரட்டினால் எழுத்தோ எழுத்து. இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உச்சியில் இரண்டு டிராகன்கள் முகத்துக்கு முகம். வலப்பக்கம் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். மிங் பேரரசர் யொங்லோ பெயரால் 1409 பிப்ரவரி தேதியிட்டு, கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல்.

மூன்றும் ஒரே செய்தி என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. சீனத்தில் காணிக்கை புத்தருக்கு. தமிழில் தெவுந்தரைக் கோயிலின் தென்னாவரம் நாயனாருக்கு (அந்தக் கோயிலை 1588-இல் போர்த்துக்கீசியர் தரைமட்டமாக்கினார்கள்). பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. சீனப் பகுதியின் பட்டியல் மட்டும் இது: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுச் சுருள்கள், வெண்கலத் தூபக்கால்கள், பூச்சாடிகள், மெழுகுவர்த்தி, 2,500 கட்டி வாசனை எண்ணெய். தமிழிலும் ஏறக்குறைய இதே கணக்கு. பாரசீகம் நிறையவே தேய்ந்துவிட்டது, மிச்சமிருப்பதும் அதே ஜாடைதான். மூன்று சம்பந்தி வீட்டுக்கும் குறைவில்லாமல் ஒரே சீர் அனுப்பியிருக்கிறார் மனுஷர்! இதைக் கொண்டுவந்த செங் ஹ, யுன்னான் பகுதி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

எனக்குத் தூக்கம் கெட்டது இன்னொரு விஷயத்தில். அந்தக் கல்லில் சிங்களம் கிடையாது. அந்தக் கரையை ஆண்டவர்களின் மொழிக்கு இடமில்லை, தமிழுக்கும் பாரசீகத்துக்கும் இருக்கிறது. அரசனைவிடத் துறைமுகத்து வியாபாரிகளை மனதில் வைத்துத்தான் இதை வெட்டினார்கள் என்பது என் கணக்கு. அதற்கேற்ப நடந்ததையும் பாருங்கள். அதே பயணத்தில் செங் ஹ படைக்கும் தென்னிலங்கையில் செல்வாக்கோடு இருந்த அழகேஸ்வரனுக்கும் சண்டை மூண்டது. சாமிகளுக்குப் பட்டு கொடுத்தவர், அழகேஸ்வரனைச் சிறைபிடித்து 1411-இல் சீனாவுக்கே கொண்டுபோய்விட்டார். பேரரசர் பிறகு விடுவித்தார் என்பது தனிக் கதை.

கோட்டைக்குள் இன்றைக்கும் தமிழ் கேட்கிறது. கலங்கரை விளக்கத்துக்கு அருகே 1904-இல் கட்டிய மீரான் பள்ளிவாசல் தூரத்திலிருந்து அசல் மாதா கோயில்தான். பக்கத்தில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த நானா நான் திகைத்ததைக் கவனித்துவிட்டார்: "சேர்ச்செண்டு நெனச்சீங்களா? வாரவங்க எல்லாம் அதத்தான் கேக்குற." சீனி குறைவாக இன்னொன்று வாங்கிக் குடித்தேன். கல்லைப் பற்றிச் சொன்னதும், "அத கொழும்புக்குக் கொண்டுபோயிட்டாங்களே" என்றார், நேற்று பறிகொடுத்த மாதிரி.

பக்கம் தீர்ந்தது, ஆசிரியர் இரண்டாம் முறையாகக் கூப்பிட்டுவிட்டார். கடல் ஏறி இறங்கும்போதே கோட்டையின் கழிவைக் கழுவிக்கொண்டு போகும்படி டச்சுக்காரர் அமைத்த அந்தச் சாக்கடை அடுத்த வாரம்.