யாரிடம் விட்டுச் செல்வீர்கள்?

விடுமுறை நாட்களில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் குடும்பங்களில் பல, அப்படியே வடக்கே திரும்பி வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் பார்த்துவிட்டே வீடு சேர்கின்றன. அங்குள்ள இக்வானாவையும், அல்தாப்ரா தீவின் பேராமையையும் கண்ட பிள்ளைகள், "அத்தா, நம் வீட்டிலும் ஒன்று வளர்ப்போமா?" என்று கேட்பது இயல்பே. முன்பெல்லாம் இக்கேள்வி சிரிப்போடு முடிந்துவிடும். இப்போது அப்படியன்று. சென்னையின் வண்ணமீன் கடைகளிலும் பறவைக் கடைகளிலும் அயல்நாட்டு உயிரினங்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன. வளைகுடாவில் பணியாற்றும் தந்தை, பிள்ளையைப் பிரிந்திருக்கும் ஏக்கத்தில், "கேட்டதை வாங்கிக் கொடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டால், மாலைக்குள் கூண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

"பறவையைக் கூண்டில் வளர்ப்பது மார்க்கத்தில் ஆகுமா?" என்று என்னிடம் கேட்போர் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடியதையும், அது இறந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் அன்போடு விசாரித்ததையும் நாம் அறிவோம். இதைக் கொண்டே அறிஞர்கள் பலர் ஆகும் என்கின்றனர். ஆனால் பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி கொடாமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியும் அதே நபிமொழித் தொகுப்புகளில்தான் இருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் நஃபகா எனும் பாடத்தில், மனைவி மக்களுக்குச் செலவிடும் கடமையைப் பேசிய பின் வளர்ப்புப் பிராணிகளின் தீனியும் பேசப்படுகிறது. ஆகுமா என்று கேட்பவர்களில் அந்தப் பக்கத்தையும் புரட்டுகிறவர்கள் குறைவு.

எங்கள் மதரஸா மாணவன் ஒருவன் ஒருநாள் கண்ணாடிப் புட்டியில் ஆமைக் குஞ்சு ஒன்றைக் கொண்டு வந்தான். ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியது. கண்ணின் பின்னே சிவப்புக் கோடு. "இது இவ்வளவுதான் வளரும் என்று கடைக்காரர் சொன்னார்" என்றான். அது அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. நன்கு பேணினால் சாப்பாட்டுத் தட்டளவு வளரும். இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அதற்கு நீந்தத் தண்ணீர் வேண்டும். ஏறி வெயில் காய உலர்ந்த மேடும் வேண்டும். நேரடி வெயில் கிடையாவிடில் ஓடு மென்மையாகி நோயுறும். கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் போதாது. அதன் நீரில் சால்மொனெல்லா எனும் கிருமி இருக்கக்கூடும். சிறு குழந்தைகள் தொட்டுவிட்டு அதே கையை வாயில் வைப்பதால் நோய் பரவியதைக் கண்டு, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசு 1975இல் தடை செய்தது. பிறந்த நாட்டிலேயே இந்த நிலை.

வளர்ந்த பின் என்ன செய்வது? பெரும்பாலோருக்குத் தோன்றும் விடை, ஏரியில் விட்டுவிடலாம் என்பதே. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி இருக்க, வேறெங்கே தேடுவது! "விடுதலை செய்தோம்" என்ற மனநிறைவும் கிடைக்கும். ஆனால் உலகின் மிகத் தீங்கு பயக்கும் நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமைக்கும் இடமுண்டு. விட்ட இடத்தில் பெருகி, நம் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக் கொள்ளும். ஓர் உயிரை விடுவித்ததாக எண்ணிக்கொண்டு பல உயிர்களின் வாழிடத்தைக் கெடுப்பதற்குப் பெயர் விடுதலையன்று.

சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளியின் கணக்கு வேறு. பேசும் அழகுக்காகவே அதை வாங்குகிறார்கள். நல்ல பராமரிப்பில் நாற்பது முதல் அறுபது ஆண்டுகள் வாழக்கூடியது. நாற்பது வயதில் வாங்குபவர், தம் மகனின் மகனுக்கும் சேர்த்து ஒரு பொறுப்பை எழுதி வைக்கிறார் என்றே பொருள். நாள் முழுதும் தனித்திருந்தால் தன் இறகுகளைத் தானே பிடுங்கிக் கொள்ளும். அதன் கூச்சலை அடுத்த வீட்டார் எத்தனை நாள் பொறுப்பர் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சட்டத்தையும் அறிந்து கொள்வது நல்லது. நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நட்சத்திர ஆமை விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே வரும் போலும்! சாம்பல் கிளி போன்ற, பன்னாட்டு உடன்படிக்கையால் பாதுகாக்கப்பட்ட அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், 2024இல் வெளியான விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பிறந்தாலும், இறந்தாலும், பிறருக்குக் கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பயணப் பெட்டிகளில் குரங்கு, பாம்புகள், ஆமைகளைச் சுங்கத்துறையினர் கைப்பற்றினர். இரசீது இல்லாத உயிரினம் கடைக்கு எந்த வழியாக வந்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இனி வடநெம்மேலிக்கே வருவோம். அழிந்து கொண்டிருந்த இந்திய முதலையினங்களைக் காக்க வேண்டுமென்று 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர், ஸாய் விட்டேக்கர் முதலியோர் அப்பண்ணையை நிறுவினர். சதுப்புநில முதலைகள் அங்கே நன்கு பெருகின. ஆனால் காட்டு நீர்நிலைகளில் அவற்றை விடும் பணி 1990களில் நின்றது. முதலையோ நெடுங்காலம் வாழும் உயிர். கால் நூற்றாண்டுக்குப் பின், ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள மையத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தது. இடையே கொரோனாக் காலத்தில் வாயிற்கதவு மூடப்பட்டது. பார்வையாளர் கட்டணமே பெரும் வருவாயாக இருந்த நிறுவனம் அது. கதவு மூடினாலும் விலங்குகளின் பசி மூடுவதில்லை. பொதுமக்களிடம் உதவி கேட்டுத்தான் காலம் தள்ளினார்கள்.

நிபுணர்களும் மருத்துவர்களும் பணியாளர்களும் நிறைந்த இடத்துக்கே இந்தச் சோதனை. இரண்டு அறை வீட்டில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நம்பி வாங்குகிறவர் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

ஆகவே வாங்குமுன் வீட்டார் அனைவரும் அமர்ந்து பேசுங்கள். குறிப்பாக உம்மாவிடம் கேளுங்கள். மகன் ஆசைப்பட்டு, தந்தை பணம் அனுப்பி, கூண்டைக் கழுவுபவர் எப்போதும் அவராகவே இருக்கிறார். மூச்சிரைப்பு உள்ள முதியவர் வீட்டில் இருந்தால் பறவையின் இறகுத் தூசு ஆகாது. அயல்நாட்டு ஊர்வனவற்றைப் பார்க்க எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் பழக்கமிராது. நள்ளிரவில் நோயுற்றால் எங்கே கொண்டு செல்வது என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போகும் ஆண்டில் அந்த ஆமைக்கு என்ன வயது? நீங்கள் நாற்பது நாள் ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது கிளியை யாரிடம் விட்டுச் செல்வீர்கள்? அவரது பெயரைச் சொல்ல முடியாவிட்டால், முடிவைத் தள்ளிவைப்பதே முறை. அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்!

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஏரியையோ கடலையோ நாட வேண்டாம். வனத்துறையிடமோ, வண்டலூர் உயிரியல் பூங்காவிடமோ ஆலோசனை கேளுங்கள். ஆசை தீராத பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. வடநெம்மேலியில் ஒரு விலங்கின் தீனிச் செலவை ஏற்றுக்கொள்ளும் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. விலங்கு அங்கேயே இருக்கும். பிள்ளை வேண்டும்போது போய்ப் பார்த்து வரலாம். திங்கட்கிழமை மட்டும் பண்ணைக்கு விடுமுறை.