கொலையாளி யாரென்று சொல்லிவிடாதீர்கள்!

அறிமுக இயக்குநரின் மர்மப் படத்துக்கு வாழ்வும் சாவும் ரசிகர் வாயில். பெங்களூரில் பலமுறை தெரியவந்த இந்த உண்மை, 1970இல் ரோம் நகரிலும் தெரியவந்தது.

மர்மப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. குடும்பப் படம் என்றால் கதையைச் சொல்லியே சிபாரிசு செய்யலாம். சண்டைப் படம் என்றால் கிளைமாக்ஸைக் கையால் அபிநயித்தே காட்டலாம். மர்மப் படத்தில் எது பிடித்ததோ அதைத்தான் சொல்லக் கூடாது. "போய்ப் பாருங்கள், எதுவும் கேட்காதீர்கள்" என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரிய நட்சத்திரம் நடித்த படமானால் இந்த அரைகுறைச் சிபாரிசால் நஷ்டம் ஒன்றுமில்லை. முதல் படம் எடுக்கும் இயக்குநருக்கோ பெரும்பாலும் இது ஒன்றுதான் விளம்பரம்.

பெங்களூர் ரசிகர்கள் இந்த விஷயத்தில் பழகியவர்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று பல மொழிப் படங்கள் பக்கத்துப் பக்கத்து அரங்குகளில் ஓடும் ஊர் இது. ஒரே கதையை இரண்டு மொழிகளில் பார்த்து ஒப்பிட்டுப் பேசுகிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களை ஏமாற்றுவது சுலபமல்ல.

2015இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலை 3ஆம் தேதி 'ரங்கிதரங்க' என்ற கன்னடப் படம் வெளியானது. இயக்குநர் அனூப் பண்டாரிக்கு அது முதல் படம். கதாநாயகனாக நடித்தவர் அவருடைய தம்பி நிரூப் பண்டாரி. அவருக்கும் அதுதான் முதல் படம். விளம்பரப் பலகையில் ஓரளவு தெரிந்த முகம் சாய்குமாருடையது மட்டும்தான். கடலோரக் கர்நாடகத்தில் கமரொட்டு என்ற கற்பனைக் கிராமம். அங்கே கர்ப்பிணிப் பெண்களுக்கு நேரும் விபரீதம். காரணம் பேயா, மனிதனா? இதுதான் கதை.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 10ஆம் தேதி 'பாகுபலி' வந்தது. சிறிய படங்கள் ஓரங்கட்டப்படுவது வழக்கம்தான். 'ரங்கிதரங்க'வும் பல திரைகளை இழந்தது. ஆனால் இந்த முறை பார்வையாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற படத்தை ஏன் எடுக்கிறீர்கள் என்று குரல் எழுப்பினார்கள். படம் நிலைத்தது, பிறகு வெளிநாடுகளுக்கும் போயிற்று. ஆஸ்கர் பரிசீலனைக்குத் தகுதி பெற்றதாக அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட 305 படங்களின் நீண்ட பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. அது பரிந்துரை அல்ல, வெறும் தகுதிப் பட்டியல்தான். என்றாலும் முதல் படம் எடுத்தவருக்கு அது சிறிய விஷயமல்ல.

படம் குறையற்றதா? இல்லை. கொலையாளி வெளிப்பட்ட பிறகு அவனுடைய முன்கதை நீள்கிறது. இடைவேளைக்கு முன்பிருந்த இறுக்கம் கடைசியில் தளர்கிறது. இருந்தும் மக்கள் மறுபடி பார்த்தார்கள். முடிவு தெரிந்த மர்மப் படத்தை எதற்காக மறுபடி பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேட இன்னும் பின்னால் போக வேண்டும்.

ஒரு கதை, இரண்டு அறிமுகங்கள்

1989இல் சுனில் குமார் தேசாய் என்ற இளைஞர் 'தர்க்க' என்ற கன்னடப் படத்தை இயக்கினார். அவருக்கும் அதுதான் முதல் படம். சங்கர் நாக், தேவராஜ், வனிதா வாசு நடித்திருந்தார்கள். பாட்டு கிடையாது. ஒரு வீடு, கொலையுண்டு கிடக்கும் கணவன், அருகில் மனைவி, அந்த நேரம் பார்த்து உள்ளே நுழையும் அந்நியன் என்று தொடங்கும் கதை. அகதா கிறிஸ்டி 1958இல் எழுதிய 'தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்' நாடகம்தான் இதற்கு மூலம். இதே நாடகத்தை வைத்து பி.ஆர். சோப்ரா 1973இல் இந்தியில் 'துந்த்' எடுத்திருந்தார். ஆகவே, முடிச்சு பெங்களூருக்கு முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. ஆனாலும் படம் பேசப்பட்டது. தேசாய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அடுத்த ஆண்டே கதை தமிழுக்கு வந்தது. 1990இல் வெளியான 'புரியாத புதிர்'. தயாரிப்பு, ஆர்.பி. சௌத்ரியின் சூப்பர் குட் ஃபிலிம்ஸ். இயக்கியவருக்கு இங்கேயும் அது முதல் படம்: கே.எஸ். ரவிகுமார். பின்னாளில் 'நாட்டாமை', 'முத்து', 'படையப்பா' என்று எடுத்த அதே ரவிகுமார்தான். பஞ்சாயத்துக் காட்சிகளுக்குப் பெயர்போன ஒருவர் கொலை மர்மத்தில் தொடங்கினார் என்பது பலருக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் இன்று கேட்டால் பலருக்குக் கொலையாளி யாரென்று உடனே நினைவுக்கு வராது. ஆனால் ரகுவரனை மறந்தவர் இல்லை. மனைவியைச் சந்தேகத்தாலேயே வதைக்கும் கணவனாக அவர் வருகிறார். 'ஐ நோ' என்ற இரண்டே சொற்களைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொனியில் சொல்கிறார். 2008இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் காட்சி மிமிக்ரி மேடைகளில் உயிரோடிருக்கிறது. அந்தக் கணவனைப் பார்த்துச் சிரிக்க முடியாத பெண்களும் அரங்கில் இருந்திருப்பார்கள். கொலை யார் செய்தது என்பது கதையின் புதிர். அந்த வீட்டில் ஒரு பெண் அத்தனை நாள் எப்படி வாழ்ந்தாள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. புதிர் அவிழ்ந்த பிறகும் படத்தில் ஏதோ மிஞ்சுகிறது என்றால், அது இந்தக் கேள்விதான்.

கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே

கொலை மர்மத்தை ஒரு தனி ரகமாகவே வளர்த்தவர்கள் இத்தாலியர்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஜாலோ'. மஞ்சள் என்று பொருள். மொண்டடோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டை போட்டுத் துப்பறியும் நாவல்களை வெளியிட்டது. அட்டையின் நிறமே கதை வகையின் பெயராகிவிட்டது. தமிழ் ரசிகருக்கும் இது அந்நியமல்ல. 1984இல் மணிவண்ணன் எடுத்த 'நூறாவது நாள்' படத்தின் கதையில், லூசியோ ஃபுல்சி என்ற இத்தாலியர் 1977இல் எடுத்த ஒரு ஜாலோவின் சாயல் உண்டு. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்த சத்யராஜைப் பார்த்து மிரண்டவர்கள் பாதி இத்தாலியப் படம் பார்த்தவர்கள்தான்.

இந்த ரகத்தை உலகம் திரும்பிப் பார்க்க வைத்ததும் ஓர் அறிமுகப் படமே. டாரியோ அர்ஜெண்டோ ரோமில் 'பயேஸே சேரா' பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர். செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்தின் கதை உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். 1970 பிப்ரவரியில் அவருடைய முதல் படம் வெளியானபோது வயது 29. படத்தின் பெயர் 'படிக இறகுப் பறவை' என்று பொருள்படும். தயாரித்தவர் தந்தை சல்வத்தோரே. இசை என்னியோ மோரிகோனே, ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ.

ரோமில் தங்கியிருக்கும் ஓர் அமெரிக்க எழுத்தாளன் இரவில் ஓர் ஓவியக்கூடத்தின் வழியாக நடந்து போகிறான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு பெண், கறுப்பு உடை அணிந்த உருவம் ஒன்று, கத்தி. காப்பாற்ற ஓடுகிறான். இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறான். உள்ளேயும் போக முடியாது. வெளியேயும் வர முடியாது. இரத்தம் வழியக் கிடக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடியும். போலீஸ் விசாரிக்கும்போது, பார்த்ததில் ஏதோ ஒன்று இடறுகிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது. அது என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

அந்த எழுத்தாளனின் நிலைதான் அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் நிலையும். நாமும் அதே கண்ணாடி வழியாக அதே காட்சியைப் பார்த்துவிட்டோம். இயக்குநர் எதையும் ஒளிக்கவில்லை. நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை. முடிவு தெரிந்த பின் இந்தக் காட்சிக்குத் திரும்பிப் போகிறவர், எல்லாம் கண்முன்னே இருந்ததைக் கண்டு தலையில் அடித்துக்கொள்வார்.

இந்தப் படத்தை வெளியிடவிருந்த டைட்டானஸ் நிறுவனத்தின் தலைவர் கோஃப்ரெடோ லொம்பார்டோவுக்குப் புதிய இயக்குநர்மீது நம்பிக்கை இருக்கவில்லை, மாற்றிவிடவே பார்த்தார். அதன் பிறகு நடந்ததாக அர்ஜெண்டோ சொல்லும் கதை சுவையானது. தந்தை ஒருநாள் லொம்பார்டோவின் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த பெண் செயலாளர் வெலவெலத்துப் போயிருந்தாராம். காரணம் கேட்டால், அந்தப் படத்தைப் பார்த்ததுதான் என்றாராம். "இதை உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்" என்றாராம் தந்தை. தலைவரின் அபிப்பிராயத்தைவிட அந்த முதல் பார்வையாளரின் நடுக்கம் பெரிதாகப் போயிற்று.

குறைகளும் உண்டு

அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. பாராட்டுகிறவர்கள் ஓவியக்கூடக் காட்சியையும், மோரிகோனேயின் தாலாட்டுப் போன்ற இசை பயத்தைக் கூட்டும் விதத்தையும் சொல்வார்கள். தொலைபேசியில் பதிவான குரலுக்குப் பின்னால் கேட்கும் விநோத ஓசை, படத்தின் தலைப்போடு சேரும் இடத்தை ரசிப்பார்கள். குறை சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. இறுதியில் மனநல மருத்துவர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் பாடம்போல விளக்குவது சலிப்பூட்டுகிறது. பெண்கள் வெட்டுப்படுவதைக் காமிரா இத்தனை அழகுபடுத்திக் காட்ட வேண்டுமா என்ற கேள்வி அதைவிடக் கூர்மையானது; இன்றைய பார்வையாளரை உறுத்துவது அதுதான்.

இரவல் பற்றிய குற்றச்சாட்டும் உண்டு. கதையின் ஆதாரம் ஃப்ரெட்ரிக் பிரவுன் 1949இல் எழுதிய 'தி ஸ்க்ரீமிங் மிமி' என்ற அமெரிக்க நாவல். படத்தில் அவர் பெயர் கிடையாது. மூலத்தை எழுதியவருக்கு இது அநீதிதான். ஆனால் ரசிகர்கள் இரவலுக்காக மட்டும் ஒரு படத்தைத் தள்ளிவிடுவதில்லை. கிறிஸ்டியின் முடிச்சு இந்தி, கன்னடம், தமிழ் என்று மூன்று வீடுகளில் குடியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் பார்த்தது, புதிய குடித்தனக்காரர் அந்த வீட்டை எப்படி வைத்துக்கொண்டார் என்பதைத்தான்.

அவர்கள் மன்னிக்காதது வேறொன்று: இயக்குநர் பொய் சொல்வது. கடைசி ரீலில் அதுவரை காட்டாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தி, இவர்தான் கொலையாளி என்றால், அது புதிர் அல்ல, மோசடி. தடயத்தைக் கண்ணில் காட்டிவிட்டு, கவனத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பினால் அது வித்தை. முதல்முறை பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி அதிர்ச்சி தரலாம். இரண்டாம் முறை பார்க்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

கோவை இளைஞர் கார்த்திக் நரேன் தம் இருபதுகளின் தொடக்கத்தில் எடுத்த 'துருவங்கள் பதினாறு' 2016 டிசம்பர் கடைசியில் வெளியாகி, வாய்வழிப் பேச்சாலேயே நின்றது. அதில் போலீஸ் அதிகாரியாக வந்த ரகுமான், 26 ஆண்டுகளுக்கு முன் 'புரியாத புதிர்' படத்திலும் இருந்தவர். அறிமுக இயக்குநரின் மர்மப் படம் இரண்டில் ஒரே நடிகர். முதலில் கிடைத்த காட்சியை முடிவுக்குப் பிறகு வேறு கண்ணால் பார்க்க வைத்ததுதான் கார்த்திக் நரேனின் படத்துக்கும் பலமாயிற்று.

காலம் மாறிவிட்டது. பெங்களூரில் கெம்பேகவுடா சாலையையும் காந்தி நகரையும் சுற்றியிருந்த பழைய அரங்குகளில் பல இன்று இல்லை, கபாலியும் போய்விட்டது. படத்தை வீட்டில் போட்டு, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். முதல் காட்சி முடிவதற்குள் முடிவைக் கைபேசியில் அம்பலப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ரகசியத்தின் ஆயுள் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

இதில் திறமையுள்ள புதுமுகம் பயப்பட ஒன்றுமில்லை. 'ரங்கிதரங்க'வை மறுபடி பார்த்தவர்கள் கொலையாளியைக் கண்டுபிடிக்கப் போகவில்லை. அவன் யாரென்று தெரிந்தேதான் போனார்கள். தூர்தர்ஷனில் 1990களின் தொடக்கத்தில் வந்த 'குட்டத பூத' தொடரின் பாட்டு மறுபிறவி எடுத்ததைக் கேட்கவும், மழையில் நனைந்த அந்தக் கிராமத்துக்குத் திரும்பவும், எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று சரிபார்க்கவும் போனார்கள். முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவர் டிக்கெட் வாங்குகிறார் என்றால், அந்த இயக்குநருக்கு இரண்டாவது படம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.