பழைய கசெற்றில் இருக்கும் குரல்: பிளே பொத்தானை அழுத்துவதற்கு முன்னர்

றேடியோ, றெக்கோடர் திருத்துவதுதான் என் தொழில். இப்போது றெக்கோடர் திருத்த வருபவர்கள் மிகக் குறைவு. ஆனால் கசெற்றுடன் வருபவர்கள் குறையவில்லை. றங்குப்பெட்டியின் அடியில் கிடந்தது, இடம்பெயரும்போது பொலித்தீன் பையில் சுற்றிப் புதைத்துவிட்டுப் பிறகு தோண்டி எடுத்தது, வெளிநாட்டிலிருந்து உறவினர் திருப்பிக் கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: “இது இன்னும் பாடுமோ?”

பெரும்பாலும் பாடும். கசெற் நாடா என்பது பொலியெஸ்ரர் பட்டையின் மேல் இரும்பு ஒக்சைட்டுத் தூளைப் பிசினால் ஒட்டியது. அந்தத் தூளில் பதிந்த காந்தப் பதிவு முப்பது, நாற்பது வருடங்களில் தானாக அழிந்துபோவதில்லை. பழுதாவது நாடா அல்ல, அதை ஓட்டும் இயந்திரம். உள்ளே இருக்கும் றப்பர் உருகுகிறது அல்லது இறுகுகிறது, கிறீஸ் காய்கிறது. இருபது வருடங்கள் ஓடாமல் கிடந்த றெக்கோடரைத் தூசு தட்டி எடுத்து, அதற்குள் அந்த ஒரேயொரு கசெற்றைப் போட்டு ஆவலோடு பிளேயை அழுத்துகிறார்கள். நாடா சிக்கி, கசங்கி, அறுகிறது. நான் பார்த்த சேதங்களில் அதிகமானவை போரில் ஏற்பட்டவை அல்ல, இப்படி ஏற்பட்டவைதான்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, கசெற்றின் மேல்விளிம்பில் இடமும் வலமும் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தட்டுகளையும் உடைத்துவிடுவது. அவை உடைந்திருந்தால் றெக்கோட் பொத்தான் வேலை செய்யாது. கை தவறி அழுத்தினாலும் பதிவு அழியாது. முன்னரே யாராவது அந்த ஓட்டைகளில் ரேப் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து றெக்கோடரைச் சோதிக்கவேண்டும். அதற்கு இழந்தாலும் கவலைப்படத் தேவையில்லாத ஒரு பாட்டுக் கசெற் போதும். பிளேயை அழுத்தியதும் மோட்டரின் இரைச்சல் மட்டும் கேட்டு எதுவும் சுற்றாவிட்டால் பெல்ற் அறுந்துவிட்டது, அல்லது உருகித் தார்போல ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கறுப்புப் பசையை முழுதாகத் துடைத்து எடுக்காமல் புதிய பெல்ற் போட்டுப் பயனில்லை. நாடா ஓடுகிறது, ஆனால் வலப்பக்கச் சக்கரம் சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஓடிவரும் நாடாவைச் சுற்றி எடுக்க ஆளில்லை, அது உள்ளே குவியப்போகிறது. சிறிய இறப்பர் உருளை பளபளவென்று கண்ணாடிபோல இருந்தால் அது இறுகிவிட்டது. மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தும் பளபளப்புப் போகாவிட்டால் மாற்றவேண்டும். பாட்டு அலையலையாக ஆடிக் கேட்டால் பெல்ற் தளர்ந்திருக்கலாம், அல்லது அந்த உருளையோடு சேர்ந்து சுற்றும் உருக்கு அச்சில் அழுக்குப் படிந்திருக்கலாம்.

பாட்டு மந்தமாக, போர்வைக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டால் ஹெட்டைத் துடைக்கவேண்டும். பாமசியில் ஐசோபுறொப்பைல் அல்ககோல் வாங்கி, கொட்டன் பட்டில் தோய்த்து, பழுப்பு நிறம் வராத வரைக்கும் துடையுங்கள். ஓடிக்கொலோன் போட்டுத் துடைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதில் வாசனை எண்ணெய் இருக்கிறது, வேண்டாம். பிளக்கில் ஓடும் றெக்கோடரென்றால் மூடியைக் கழற்றும் முன் வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

இயந்திரம் அந்தப் பாட்டுக் கசெற்றை இரண்டு பக்கமும் முழுதாக, பிசகில்லாமல் ஓட்டிய பின்னர்தான் உங்கள் கசெற்றுக்கு வரவேண்டும். அதையும் உடனே போடக்கூடாது. வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். அதை ஓட்டினால் பொடி ஹெட்டில் ஒட்டி, அடுத்தடுத்த கசெற்றுகளுக்கும் பரவும். மூடக்கூடிய ஒரு பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு சில கிழமைகள் வைத்து நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் துடைக்கவேண்டும். வெயிலில் வைக்காதீர்கள். எங்கள் வெயிலுக்குக் கசெற்றின் கூடு நெளிந்துவிடும். நாடாவை அடுப்பில் வைத்துச் சூடாக்குவது பற்றி இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அது 1970களிலும் 80களிலும் வந்த சில வகைப் பெரிய சுருள் நாடாக்களுக்கான வைத்தியம். வீட்டுக் கசெற்றுக்கு அதைச் செய்யாதீர்கள்.

வெள்ளத்திலோ 2004 சுனாமியிலோ நனைந்த கசெற் என்றாலும் கைவிடவேண்டியதில்லை. தண்ணீர் பொலியெஸ்ரரைக் கரைப்பதில்லை. உப்பும் சேறும் காய்ந்து சுருளை ஒட்டவைப்பதுதான் பிரச்சினை. கூட்டைத் திறந்து, சுருளைக் குலைக்காமல் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, நிழலில் காயவைத்து எடுத்தால் பல தடவைகள் குரல் வந்திருக்கிறது.

கூட்டைத் திறப்பது பயப்படும்படியான வேலை அல்ல. ஐந்து ஸ்குறூ உள்ள கசெற் என்றால் மேசையில் படுக்கவைத்து, கழற்றி, மேல்மூடியை நேராகத் தூக்குங்கள். உடனே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. ஸ்குறூ இல்லாமல் ஒட்டிய கூடென்றால் பொருத்தின் வழியே மெல்லிய கத்தியை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் திறக்கவேண்டும். பிறகு ஸ்குறூ உள்ள வேறொரு கசெற்றின் வெறுங்கூட்டுக்குள் இரண்டு சுருள்களையும் மாற்றி வைத்துவிடலாம். பழைய கசெற்றுகளில் ஹெட்டுக்கு நேரே நாடாவின் பின்னால் இருக்கும் சிறு பஞ்சுத் துண்டு, பசை காய்ந்து விழுந்திருப்பது வழமை. அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டில் சரியாக அழுந்தாது, சத்தம் வந்து வந்து போகும். “பதிவு அழிஞ்சுபோச்சு” என்று கொண்டுவந்த எத்தனையோ கசெற்றுகளில் அழிந்தது பதிவல்ல, அந்தப் பஞ்சு. கூட்டை மாற்றினால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

அறுந்த நாடாவைச் சாதாரண செலோரேப்பால் ஒட்டவேண்டாம். அதன் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்து ஒட்டிவிடும். கசெற் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், அதற்கென்றே விற்கும் ஒட்டுநாடா இருக்கிறது. ஹெட்டில் படாத பக்கத்தில், இரண்டு நுனிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து ஒட்டவேண்டும். சி-120 கசெற் என்றால் கூடுதல் கவனம் தேவை. சி-90 இன் நாடாவே ஏறக்குறைய 12 மைக்ரோன் தடிப்புத்தான், சி-120 அதிலும் மெல்லியது. நீளமான நேரம் பதியலாம் என்று அதை விரும்பி வாங்கியவர்கள் எங்களிடையே நிறையப் பேர்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குரல் மாறிக் கேட்கலாம். எங்கள் பதிவுகளுக்கே உரிய இந்தப் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோ கேட்டோம். டைனமோ தருவது 6 வோல்ற் ஆடலோட்டம், அதை நேரோட்டமாக்க நாலு டயோட் வேண்டும். அந்த நாலு டயோட்டுக்காக நான் உடைத்த பழைய றேடியோக்கள் எத்தனை!

றெக்கோடர் மோட்டருக்கு ஒரு வேகக்கட்டுப்பாடு உண்டு. வோல்ற்றளவு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் என்ற கணக்கில் ஓடும். ஆனால் பற்றரி ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் அந்தக் கட்டுப்பாடு கைவிட்டுவிடும், மோட்டர் மெதுவாகும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பேச்சு விரைவாகவும் குரல் கீச்சென்றும் கேட்கும். பதியும்போது வேகம் 10 சதவீதம் குறைந்திருந்தால் குரல் ஏறக்குறைய இரண்டு அரைச்சுருதி உயர்ந்துவிடும். இளைஞனின் குரல் சிறுவனின் குரலாகிவிடும்.

ஒரு தாய் அப்படியொரு கசெற்றுடன் வந்தார். 1990களின் தொடக்கத்தில் வீட்டில் பதிந்தது, மகன் பேசுகிறான், பாடுகிறான். மகன் பின்னாளில் காணாமல் ஆக்கப்பட்டவர். நாடா நல்ல நிலையில் இருந்தது. ஓடவிட்டதும் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “இது அவன்ர குரல் இல்லைத் தம்பி” என்றார். கசெற்றின் மேல் எழுதியிருந்தது மகனின் கையெழுத்துத்தான். வேறு கசெற் மாறிப் பதிந்துவிட்டதோ என்று அழத் தொடங்கிவிட்டார்.

இத்தகைய இடத்தில் ஊகத்தில் வேகத்தைத் திருத்தக்கூடாது. கேட்பவர் விரும்பும் குரல் வரும் வரைக்கும் திருகிக்கொண்டே போகலாம், ஆனால் வருவது அந்த ஆளின் குரலா, நினைவில் இருக்கும் குரலா என்று யாருக்கும் தெரியாது. பதிவுக்குள்ளேயே மாறாத சுருதியுடைய ஒரு சத்தம் வேண்டும். அந்தக் கசெற்றின் பின்னணியில் கோயில் மணி அடித்தது. அந்த மணி இடம்பெயர்வுகளுக்குப் பிறகும் தப்பியிருந்தது. உறவுக்காரப் பெடியன் ஒருவன் போய்க் கைத்தொலைபேசியில் அதைப் பதிந்துகொண்டு வந்தான். இரண்டையும் கணினியில் போட்டு அலைவெண்ணை ஒப்பிட்டால் கணக்கு நேராக வந்துவிடும். இன்று 500 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் மணி, நாடாவில் 555 என்று காட்டினால் வேகத்தை 90 சதவீதமாகக் குறைக்கவேண்டும். குறைத்துப் போட்டபோது தாய் எதுவும் சொல்லவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

மணி இல்லாவிட்டால் வேறு சான்றுகள் உண்டு. பின்னணியில் றேடியோவில் ஒரு சினிமாப் பாட்டுப் போகலாம், அந்தப் பாட்டின் மூலப்பதிவோடு ஒப்பிடலாம். மின்சாரம் இருந்த இடத்தில் பதிந்ததென்றால் அடியில் ஒரு மெல்லிய உறுமல் இருக்கும். கொழும்பிலோ சுவிஸிலோ பதிந்ததில் அது 50 ஹேர்ட்ஸாகவும், கனடாவிலிருந்து வந்த கசெற் கடிதத்தில் 60 ஹேர்ட்ஸாகவும் இருக்கவேண்டும். ஜெனறேற்றரில் ஓடியதென்றால் அந்த உறுமலை நம்பக்கூடாது, அது தானே ஏறி இறங்கும். பற்றரி பதிந்துகொண்டிருக்கும்போதே இறங்கியிருக்கும் என்பதால் பக்கத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யவேண்டியிருக்கும்.

ஆனால் திருத்தம் எல்லாம் பிரதி எடுத்த பின்னர். றெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினியின் ஒலி உள்ளீட்டுக்குக் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி மென்பொருளில் ஒரு பக்கத்தை நிறுத்தாமல் முழுதாகப் பதியுங்கள். றெக்கோடரின் முன்னால் கைத்தொலைபேசியை வைத்துப் பதிவது மின்விசிறியையும் காகத்தையும் சேர்த்துப் பதிவது. பதிய முன்னர், ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள சிறு ஸ்குறூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பதிந்த றெக்கோடரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுக்கு உங்கள் ஹெட்டும் வரவேண்டும். எந்த மென்பொருளாலும் பிறகு கொண்டுவர முடியாத தெளிவு இந்த ஸ்குறூவில் இருக்கிறது.

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் வேவ் கோப்பாகச் சேமித்தால் 45 நிமிடப் பக்கம் ஸ்ரீரியோவில் ஏறக்குறைய 780 மெகாபைற் வரும், மோனோவில் அதில் பாதி. எம்பி3 ஆக மட்டும் வைத்திருக்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் ஆவணமாக அனுப்புங்கள். அந்த முதல் கோப்பில் கைவைக்காமல் அதன் பிரதியிலேயே வேகத்தைத் திருத்துங்கள். மென்பொருளில் சுருதியை மட்டுமோ நடையை மட்டுமோ மாற்றும் வசதிகளும் உண்டு, அவை இதற்கல்ல. வேகத்தை மாற்றுவதே சரி, ஏனெனில் பதியும்போது இரண்டும் சேர்ந்துதான் மாறின. இரைச்சலை நீக்குகிறோம் என்று அளவுக்கு மீறித் துடைத்தால் மூச்சும் போய்விடும்.

இதைக் கடையில் கொடுத்துச் செய்விப்பவர்கள் கசெற்றை விட்டுவிட்டு வராமல் கூடவே இருந்து செய்வித்துக்கொண்டு போவது நல்லது. உள்ளே யாருடைய பெயர் இருக்கிறது, என்ன கதைக்கப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கே நினைவிருக்காது. நான் மட்டம் பார்க்க முதல் சில வினாடிகள் கேட்பேன், பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் யார் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு நடுக்கடையில் வைத்துத் திடீரென்று போட்டுக் காட்டுவதில்லை.

பிரதி எடுத்த பின்னர் கசெற்றை எறிந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுதாகச் சுற்றி முடித்து, உறையில் போட்டு, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய ரின் ஒன்றில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். கோப்பின் மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும்.